கடல் பார்த்த படகு

“முதல்ல நீங்க ஏறி உக்காருங்க சார். அப்புறம் நான் கையெழுத்துப் போடறேன்.”

மேனேஜர் தரணிதரன் கண்களை இறுக மூடிக்கொண்டார். இப்படிக் கேட்ட ரஞ்சனியிடம், அவள் இந்த ரிசார்ட்டில் இஞ்சினியராகச் சேர்ந்த அன்றே அவர் சொல்லியிருந்தார்: “என்ன வேணாலும் கேளும்மா. லீவு கேளு, சம்பளம்கூடச் சேத்திக் கேளு. முதலாளியப் படகுல ஏறச் சொல்லி மட்டும் கேட்டுறாத.”

முதலாளி மாரப்பன் தன் அறைச் சுவரில் தலைக்கு மேல் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். அதில் கேப்டன் தொப்பியோடு இளவயது மாரப்பன், இப்போது குட்டையில் கிடக்கும் அதே ஃபைபர் பாய்மரப் படகில், சுற்றிலும் வெண்புகையாய்ப் பனி மிதக்க நின்றிருந்தார். பாய் பட்டுத்துணிபோல மின்னியது. அவர் தோளில் யாருடையதோ வளையல் போட்ட கை. மீதி ஆள் சட்டத்துக்குள் வரவில்லை.

“கொச்சியில கடலையே பாத்த படகு அம்மணி இது. கடலோட்டுன என்னயப் போயி இந்தக் குட்டையில உக்காந்து காட்டச் சொல்றியா?”

“குட்டைதான் சார். ஆனா ரெண்டாள் ஆழம் இருக்கு. படகோட அடி நெளியுது. கால வெச்சா அமுங்குது, எடுத்தா டொப்புன்னு எழும்புது. காலியான எண்ணெய் டின் மாதிரி.”

“வயசானா எல்லாமே கொஞ்சம் தளரத்தான் செய்யும். சரி பண்ணு. இஞ்சினியர் எதுக்கு வெச்சிருக்கறேன்? ஞாயித்துக்கெழம பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வருதுங்க. படகு நல்லாருக்குதுன்னு நீ கையெழுத்துப் போடோணும். இல்லாட்டி, வேற படிச்ச புள்ளைக்கு ஊட்டியில பஞ்சமா?”

ரஞ்சனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா ஆண்டாயி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து கிள்ளி விரல் கறுத்துப்போய்த்தான் அந்தப் ‘படிச்ச புள்ள’ பட்டம் அவளுக்குக் கிடைத்தது. அவர்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளிலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அது எதற்கு? நெளிகிற படகுக்குப் பொய்ச்சாட்சி சொல்லவா?

ஆனாலும் சரிசெய்யப் போனாள். வேலையை விட்டால் வீட்டில் அடுப்புக்கு யார் பதில் சொல்வது?

முதல் யோசனை மாரப்பனுடையது. “உள்ள ஒரு பிளைவுட்டு பலகையப் போடு. யாரு காலும் அடியில படாது.”

போட்டார்கள். நெளிவு நின்றது. மறுநாள் பார்த்தால் பலகையின் விளிம்பு அழுத்திய இடத்தில் நீளமாக ஒரு கீறல். படகுக்குள் தண்ணீர் கசிந்தது.

“பலக எதுக்குப் போட்ட?” என்றார் மாரப்பன்.

“நீங்கதான சார் சொன்னீங்க!”

“நான் சொன்னா? படிச்ச புள்ள நீ யோசிக்க வேண்டாமா?”

இரண்டாவது யோசனை தரணிதரனுடையது. “மேல்தட்டுக்கும் அடிக்கும் நடுவுல ஒரு கட்டைய முட்டுக் குடுத்துட்டா?”

கொடுத்தார்கள். அடி அடங்கியது. மேல்தட்டு கூன் போட்டுக்கொண்டது.

மூன்றாவது ரஞ்சனியே யோசித்தது. படகைப் புல்தரைக்கு ஏற்றி, உள்ளே குறுக்குச் சட்டங்கள் வைத்து, ஃபைபர் துணி ஒட்டி ரெசின் பசை பூசினாள். புத்தகப்படி சரியான வேலை. ஆனால் ஊட்டிக் குளிர் புத்தகம் படித்ததில்லை. ரெசின் பலாப்பழப் பாலாட்டம் காயாமல் பிசுபிசுத்தது. “காஞ்சுருச்சா?” என்று குனிந்து பார்த்த தரணிதரனின் குரங்குக் குல்லா அதில் ஒட்டிக்கொண்டது.

“இழுக்காதீங்க சார்! சட்டம் பேந்துரும்!”

“என்ர குல்லாயம்மா!”

இழுத்தார். குல்லா பாதி வந்தது. சட்டம் முழுசாக வந்தது.

பிறகு கெஸ்ட் ரூம் ஹீட்டரைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு பக்கம் கல்லாக இறுகியது, மறுபக்கம் அப்படியே இருந்தது. சனிக்கிழமை விடியுமுன்னே படகைத் தண்ணீரில் இறக்கிய தரணிதரன், பாய்மரக் கம்பம் ஆடுகிறதென்று அதன் கயிறுகளை வேறு முறுக்கிக் கட்டிவிட்டார். ரஞ்சனி வந்து பார்த்தபோது படகு முன்னும் பின்னும் தூக்கிக்கொண்டு நேந்திரம்பழம் போல வளைந்து கிடந்தது.

அவள் போனை எடுத்துக்கொண்டு டீத்தோட்டத்துப் பக்கம் போய்ப் பேசிவிட்டு, நேரே மாரப்பன் அறைக்கு வந்தாள்.

“போட்டுட்டியா கையெழுத்து?”

“போடல சார். ஆள் ஏறினா அது ரெண்டாப் பொளந்துரும். பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். யாரும் வர மாட்டாங்க.”

“யாரக் கேட்டுப் பண்ணுன? உன்ர வேல போயிருமின்னு தெரியுமா?”

“வேலையையும் அப்பவே விட்டுட்டேன் சார். உங்ககிட்டச் சொல்றதுதான் பாக்கி இருந்துச்சு.” ஸ்டோர் சாவியை மேசைமேல் வைத்தாள்.

“கடலப் பாத்த படகு அது! என்ர படகப் பத்திப் பேசறதுக்கு நீ யாரு? நானும் அதுவும் அலையில பட்ட பாடு உனக்கென்ன தெரியும்?” மாரப்பன் குரலில் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

கோயம்புத்தூரிலிருந்து அப்போதுதான் காரில் வந்திறங்கிய அவர் மனைவி சாந்தாமணி, முறுக்கு டப்பாவோடு வாசலில் நின்று குட்டையில் வளைந்து கிடந்த படகையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் படகு போன மாசம்தான் குடோனிலிருந்து மலையேறியது என்பதே அவளுக்கு அதுவரை தெரியாது. ரஞ்சனி அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி, படியிறங்கி நடந்தாள். காந்தலுக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் சாந்தாமணியின் குரல் மட்டும் கேட்டது:

“ஏனுங்க, நம்ம கல்யாண ரிசப்சனுக்கு மேடையில செஞ்சு வெச்ச படகத் தண்ணிக்குள்ள எதுக்குங்க எறக்குனீங்க? நாம ரெண்டு பேரு உக்காந்ததுக்கே அடியில செங்கல் குடுத்துத்தானுங்க நின்னுச்சு!”