கணக்கு டீச்சரும் சுந்தரத்தின் முதுகும்

என் ஆயுளில் எனக்குக் கிடைத்த அதிர்ச்சிகளில் முக்கால்வாசி கணக்கு டீச்சர் கொடுத்தவை. மீதிக் கால்வாசி, ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைத் தொட்டதால் வந்தவை.

டீச்சர் எங்கள் எதிர்வீடு. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ரிட்டயர் ஆன இரண்டாவது வருஷம் அவருக்கு இடுப்பில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. "இனிமே டூவீலர் தொடக் கூடாதும்மா" என்று தஞ்சாவூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆற்றுக்கு அக்கரையில் டீச்சருக்கு ஒரு ஏக்கர் சம்பா. தினமும் வயலைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

பத்தாவது நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டே வாசலுக்கு வந்தவன் பிரஷ்ஷை விழுங்கியிருப்பேன். எதிரே ஒரு லாரி. அதிலிருந்து பளபளவென்று ஒரு செம்பழுப்புக் குதிரை இறங்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர், என்னது இது?"

"பார்த்தா தெரியலியா? குதிரைடா. மெட்ராஸ்ல ரேஸ் ஓடி ரிட்டயர் ஆனது."

"டாக்டர் வண்டியே ஓட்டக் கூடாதுன்னாரே?"

"டூவீலர்தானே கூடாதுன்னார்? இதைப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

காலேஜில் என்.சி.சி.யில் குதிரை ஏறியவராம். அது எங்கள் யாருக்கும் தெரியாது. மறுநாளே சுடிதார் போட்டுக்கொண்டு, தலையில் என் பையனின் கிரிக்கெட் ஹெல்மெட்டோடு, ஆற்றுப் பாலத்தைக் குதிரையில் கடந்தார். எதிரே வந்த மினி பஸ் தானாக நின்றுவிட்டது. குதிரைக்கு ரேஸில் ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர். டீச்சர் அதற்குச் சுந்தரம் என்று பெயர் வைத்தார்.

கூடவே வந்த பழைய சேணம் இரண்டே மாசத்தில் கிழிந்துபோனது. புதிதாகத் தைக்கிற வேலையைக் கடைத்தெருவில் கார் சீட் கவர் தைக்கிற பாயிடம் கொடுத்துவிட்டு, அளவெடுக்க என்னையும் துணைக்கு அனுப்பினார். சுந்தரம் அளவு டேப்பைக் கடித்தான். பாயையும் கடிக்கப் பார்த்தான்.

"நம்மளால ஆகாதுங்க" என்று பாய் டேப்பைச் சுருட்டினார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பெருமாள் கோயில் வாகன மண்டபத்தில் ஒரு மரக்குதிரை இருக்கிறது. கடிக்காது, உதைக்காது, அளவு முடிகிறவரை அசையாமல் நிற்கும். குதிரைன்னா குதிரைதானே! பெருமாளுக்குப் புது மெத்தை தைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு பட்டாச்சாரியார் சாவியைக் கொடுத்தார். பாயும் நானும் அரை அங்குலம் பிசகாமல் அளவெடுத்தோம்.

சேணம் வந்ததும் டீச்சர் ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அளவு எழுதின சீட்டில் இருந்த ஒவ்வொன்றையும் சேணத்தில் சரிபார்த்து, சிவப்பு மையில் டிக் போட்டார். "வெரி குட்" என்றுகூடச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஒரு தடவைகூட எனக்கு அது கிடைத்ததில்லை.

அதற்கப்புறம் சுந்தரத்தின் குணமே மாறியது. சேணத்தைப் பார்த்தாலே காதைப் பின்னால் மடக்கினான். முதுகில் கை வைத்தால் கீழே பதுங்கினான். ஒரு நாள் டீச்சரை வாய்க்காலில் இறக்கிவிட்டு, தான் மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். தெருவே திமிர் என்றது.

"திமிரெல்லாம் இல்லடா. இவனுக்கு முதுகு வலிக்குது. எனக்குத் தெரியாதா அந்த வலி?" என்றார் டீச்சர், சேற்றைத் துடைத்தபடி.

கால்நடை டாக்டரம்மா வந்தார். சேணம் தைத்த பாயையும் டீச்சர் வரச்சொல்லியிருந்தார். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான். முதுகெலும்போரமாக விரலை ஓட்டியதுமே சுந்தரம் துடித்துப்போனான்.

"முதுகெலும்பு முள்ளுங்க ஒண்ணோட ஒண்ணு உரசுது. ரேஸ் குதிரைங்களுக்கு வர்றதுதான். ஆனா இந்தச் சேணம் நேரா எலும்பு மேலேயே உக்காருது. இது எந்தக் குதிரைக்குத் தச்சது?"

பாய் என்னைப் பார்த்தார். நான் வாதாமரத்தைப் பார்த்தேன்.

"கோயில் குதிரைக்கு" என்றேன்.

எனக்குச் செம திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால் டீச்சரின் கண் கலங்கியிருந்தது.

"டிக் போட்டது நான்தானே? வாயில்லாத ஜீவன் மேல நாலு மாசம் உக்காந்திருக்கேன்டா" என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

வாய்க்கால் விஷயம் பெங்களூரில் இருக்கிற டீச்சரின் மகனுக்கு எட்டியது. அவன் போனிலேயே குதித்தான். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒருவரிடம் பேசியும் முடித்துவிட்டான். பேண்டு, வெடி, எண்பது கிலோ மாப்பிள்ளை. இந்த முதுகோடு!

"பொங்கலுக்குள்ள நான் அவன் மேல ஏறலைன்னா அனுப்பிடறேன்" என்று டீச்சர் வாக்குக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் குதிரைக்கு பி.டி. கிளாஸ். காலையில் வெந்நீர் ஒத்தடம். தரையில் மூங்கில்களைப் போட்டு ஒவ்வொன்றாகத் தாண்டி நடக்கவைப்பது. கேரட்டைக் காட்டிக் கழுத்தை இடுப்புவரை திருப்பவைப்பது. அடிவயிற்றை விரலால் அழுத்தி முதுகைத் தூக்கவைப்பது. சாயங்காலம் ஆற்றங்கரைச் சரிவில் ஏறி இறங்குவது. எல்லாவற்றுக்கும் கொட்டகைக் கதவில் மார்க் ஷீட். 'வயிறு எக்குதல்: பத்துக்கு ஏழு. ஒழுக்கம்: பூஜ்யம்.' தெருவில் யார் வீட்டு சாம்பாரிலும் கேரட் இல்லாமல் போனது.

பொங்கலுக்கு முந்தின நாள் டாக்டரம்மா வந்து மறுபடி விரலை ஓட்டினார். சுந்தரம் அசையவே இல்லை. அவருடைய துப்பட்டாவைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தான்.

"வலி நல்லாவே குறைஞ்சிருக்கு டீச்சர். ஆனா மேல ஆள் ஏறினா திரும்ப வந்துடும். இனிமே யாருமே ஏற வேணாம்."

டீச்சர் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து மகனின் போன். ஸ்பீக்கரில் குரல் தெளிவாகக் கேட்டது.

"என்னம்மா, ஏற முடியுதா, இல்லியா?"

முப்பது வருஷத்தில் ஒருத்தனுக்கும் அரை மார்க் இரக்கப்பட்டுப் போடாத மனுஷி. கலெக்டர் பையனானாலும் முப்பத்துநாலு என்றால் முப்பத்துநாலுதான்.

"இப்பதான்டா ஒரு ரவுண்டு போயிட்டு இறங்கினேன்" என்றார் டீச்சர். மூச்சு வாங்குகிற மாதிரி வேறு நடித்தார்.

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வாய்க்கால், லாரி எல்லாம் ஒன்றுமே இல்லை. என் வாழ்க்கையின் பெரிய அதிர்ச்சி இதுதான்.

இப்போது டீச்சர் வயலுக்கு நடந்துதான் போகிறார். சுந்தரம் அவர் தோளில் மோவாயைப் போட்டபடி கூடவே நடக்கிறான். நடந்து நடந்து டீச்சரின் இடுப்பு வலிகூடப் பாதி போய்விட்டது. மகன் போன் செய்தால், "அம்மா குதிரையில போயிருக்காங்க தம்பி" என்று சொல்லத் தெருவே பழகிவிட்டது. நானே நாலு தடவை சொல்லியிருக்கிறேன்.

அவன் பத்திரிகை படிக்கிற ஆள் இல்லை என்கிற தைரியத்தில் இதை எழுதிவிட்டேன். தப்பித்தவறிப் படித்துவிட்டால், தம்பி, உங்கள் அம்மா அந்தக் குதிரையோடு பேசிச் சிரித்துக்கொண்டு போவதை நான் தினமும் ஜன்னலில் நின்று பார்க்கிறேன். தயவுசெய்து படிக்காத மாதிரியே இருந்துவிடுங்கள்.