ஆறு பெயர் அணியின் அதிகாரபூர்வ வரலாறு

ஒரே ஒரு விசையை அழுத்தி ஒரு நகரத்தையே தெருவுக்கு வரவழைத்த வரலாற்றாசிரியர் உலகில் நான் ஒருவன்தான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. விசாரணைக் குழு அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் இருக்கிறது.

என் பெயர் கூ பெய்லின். சீனத்தின் வடகிழக்கு மூலையில், யுன்ஹே நகரத் தொழில்முறைக் கால்பந்து கிளப்பின் செய்தித் தொடர்பாளன். 1994இல் கிளப் பிறந்த அன்றே நானும் வேலையில் சேர்ந்தேன். அதற்குப் பிறகு இருபத்து மூன்று பயிற்சியாளர்கள் வந்து போனார்கள். உரிமையாளர்கள் ஆறு பேர் மாறினார்கள். என் நாற்காலி மட்டும் அசையவில்லை. அதன் ஒரு கால் தரையில் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதும் ஒரு காரணம்.

எங்கள் கிளப்பின் வரலாறு மகத்தானது. தொடக்கத்தில் அதன் பெயர் 'இரும்பாலை'. ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது இரும்பாலைதான், அதனால் பெயரிலும் அதுவே. ஆலையை மூடினார்கள். ஒரு மதுபானக்காரர் வாங்கி 'நூறாண்டு மது' என்றார். பிறகு ஓர் ஆண்மை மருந்துக்காரர் வந்தார். மூன்று ஆண்டுகள் எங்கள் வீரர்கள் நெஞ்சில் 'சிறுநீரக பலம்' என்று எழுதிக்கொண்டு ஓடினார்கள். அந்த மூன்று ஆண்டும் எதிரணியினர் அவர்களை நெருங்கவே தயங்கினார்கள் என்பதை நான் பெருமையோடு பதிவு செய்திருக்கிறேன். அப்புறம் 'உடனடி நூடுல்ஸ்'. அப்புறம் ஒரு கைப்பேசி. கடைசியாக, அடுக்குமாடி கட்டுகிற தலைவர் பியான் வந்து, தன் குடியிருப்பின் பெயரான 'சொர்க்கக் கரை'யைச் சூட்டினார்.

கிளப்புகளுக்கு வணிகப் பெயர் கூடாது என்று மேலிடம் உத்தரவு போட்டபோது பியான் அசரவே இல்லை.

"இது வணிகப் பேரா? சொர்க்கம் இயற்கை. கரையும் இயற்கை. எழுதுய்யா அறிக்கையை!"

எழுதினேன். ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் 'வரலாற்றுச் சிறப்புமிக்க புதிய அத்தியாயம்' என்று தலைப்பிட்டு, அடியில் என் பெயரைப் போட்டு, மைதானக் கதவில் ஒட்டுவது என் தலையாய கடமை.

இந்த மகத்துவத்தை எல்லாம் கழுத்தில் சுமந்தவர் லுவோ அக்கா. மைதான வாசலில் கணவாய் மீனைக் குச்சியில் குத்திச் சுட்டு விற்பவர். முன்னாள் இரும்பாலைத் தொழிலாளி. ரசிகர் கூட்டத்தின் பெருமுரசு இன்றும் அவர் கையில்தான். முதல் பெயர் வந்தபோது சிவப்பு நூலில் அதைப் பின்னி ஒரு கழுத்துப்பட்டை செய்தார். பெயர் மாறியபோது பழையதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. அதன் நுனியிலேயே அடுத்த பெயரைப் பின்னினார். இப்போது அது ஆறு பெயர் நீளம். குளிர்காலத்தில் ஒரே பட்டையை நாலு பேர் கழுத்தில் சுற்றிக்கொண்டு வரிசையாக உட்கார்வார்கள். நடுவில் இருப்பவர் ஒன்றுக்குப் போக வேண்டுமானால் மூன்று பேர் துணைக்குப் போக வேண்டும்.

இனி விசைக்கு வருகிறேன்.

முப்பதாம் ஆண்டு மலருக்கு நான் வரலாறு எழுதி முடித்திருந்தேன். பியான் புரட்டிப் பார்த்தார்.

"இதென்ன, ஆளாளுக்கு ஒரு பேரு? ஆதியிலேர்ந்து நம்ம பேருதான் இருக்கணும்."

"தலைவரே, அப்ப உங்க கம்பெனியே கிடையாதே."

"வரலாறுன்னா தொலைநோக்கு வேணும்யா."

கணினியில் 'எல்லாவற்றையும் மாற்று' என்றொரு வசதி உண்டு. 'இரும்பாலை' என்ற சொல் எங்கே இருந்தாலும் 'சொர்க்கக் கரை' என்று மாற்றச் சொல்லி ஒரே தட்டு. அணியின் பெயர் மாறியது. கூடவே ஆலையின் பெயரும் மாறியது. மலர் வீடு வீடாகப் போனது. நாற்பத்தேழாம் பக்கத்தில் மக்கள் படித்தது இது:

'1998இல் சொர்க்கக் கரை இழுத்து மூடப்பட்டது. அதை நம்பியிருந்த ஒன்பதாயிரம் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன.'

ஆண்டை யாரும் கவனிக்கவில்லை. பதினோராவது மாடியோடு நின்றுபோன பியானின் சொர்க்கக் கரைக் கட்டடத்தில் வீடு வாங்கியவர்களுக்கு ஆண்டைப் பார்க்கப் பொறுமை ஏது? காலை ஒன்பது மணிக்குள் விற்பனை அலுவலக வாசலில் ஆயிரம் பேர்.

பத்து மணிக்கு அவசரக் கூட்டம். என்னைத் திட்டுவது முதல் பொருள். அது முப்பத்தைந்து நிமிடத்தில் இனிதே நிறைவேறியது. இரண்டாம் பொருளின் தலைப்பு: 'கிளப்பின் புவியியல் மேம்பாடு'. கோப்பில் தென்கோடி நகரம் ஒன்றின் மைதானப் படம் இருந்தது. அதில் பனை மரங்கள். எங்கள் ஊரில் பனை முளைக்காது.

"தலைவரே, டீம் நம்ம ஊரை விட்டுப் போகுதா?" என்று கேட்டேன்.

"யாரு சொன்னா போகுதுன்னு? கிளப் நின்ன இடத்துலயே நிக்குது. ஊருதான் அதோட தொலைநோக்கை விட்டு விலகிப்போச்சு."

"அப்ப அடுத்த சீசன் இங்க ஆட்டம் உண்டா?"

"ஆய்வு பண்ணுவோம்."

எங்கள் ஊரில் 'ஆய்வு பண்ணுவோம்' என்றால் எழுந்து போ என்று பொருள். எழுந்து போனேன், நகர விளையாட்டுத் துறைக்கு. துணை இயக்குநர் ஹௌ தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகித் திறந்தார். மறுபடி மூடினார்.

"கொள்கையளவில் அணி நம்ம ஊரோடதுதான், கூ."

"கொள்கைக்கு வெளியில?"

"வெளியில ரொம்பக் குளிரு. தொப்பியைப் போட்டுக்கிட்டுப் போங்க."

மைதான வாசலுக்கு வந்தால் லுவோ அக்கா கரி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார்.

"கூ தம்பி, இங்க வா. பேரு மறுபடி மாறப்போவுதாமே? என்ன பேரு? என்ன கலரு? நூலு வாங்கணும்ல?"

"அது வந்து அக்கா..."

"நீட்டமான பேரா இருந்தா முன்னாடியே சொல்லிடு. சிறுநீரகத்துக்கே என் விரலு ஒடிஞ்சுபோச்சு."

"அக்கா, டீம் எங்கயும்..." என்று தொடங்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலை மூடிய வாரமும் அவர் இதே முரசோடு இதே வாசலில் நின்றார். அந்த வாரம் நாங்கள் ஜெயித்தோம். ஊரே அழுதுகொண்டு சிரித்தது. அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. வாயைத் திறந்தேன்.

"ஆய்வில் இருக்குக்கா."

அக்கா ஒரு கணவாய்க் குச்சியைக் கையில் கொடுத்தார். மிளகாய்த்தூள் வழக்கத்தைவிட மூன்று மடங்கு.

அன்று மாலையே நான் அறிக்கை எழுதினேன். 'வரலாற்றுச் சிறப்புமிக்க புதிய அத்தியாயம்: தெற்கு நோக்கி விரிவடைகிறோம்.' அடியில் என் பெயர். பியான் படித்துவிட்டுக் கண் கலங்கினார். "போறோம்ங்கற வார்த்தையே இல்லாம போறதைச் சொல்லிட்டியே! நீ எழுத்தாளன்யா!" கடைசி ஆட்டம் முடிந்த பிறகே ஒட்டுவது என்று முடிவானது.

கடைசி உள்ளூர் ஆட்டத்தில் இரண்டுக்குப் பூஜ்யம் என்று தோற்றுக்கொண்டிருந்தோம். பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்ப எங்கள் ரசிகர்கள் போடும் முழக்கம் ஒன்று உண்டு: "வகுப்பு முடிஞ்சுது!" அன்று லுவோ அக்கா முரசை மூன்று முறை அறைந்தார். பன்னிரண்டாயிரம் பேர் எழுந்தார்கள். ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். பிரமுகர் மாடத்தைப் பார்த்து முழங்கினார்கள்.

"வகுப்பு முடிஞ்சுது! வகுப்பு முடிஞ்சுது!"

துணை இயக்குநர் ஹௌ தேநீர்க் குடுவையின் மூடியைத் திருகினார். பியான் கையசைத்தார். அதிகாரபூர்வக் குறிப்பில் நான் எழுதினேன்: 'பார்வையாளர்கள் கல்வியில் மிகுந்த ஆர்வம் காட்டினர்.'

ஆட்டம் முடிந்தது. கதவில் அறிக்கையை ஒட்டினேன். கூட்டம் படித்தது. ஒருவர் பின் ஒருவராகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். யாராவது ஒருவர் என்னை அடித்திருந்தால் கொஞ்சம் இதமாக இருந்திருக்கும். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு லுவோ அக்காவின் அடுப்பருகே போய் உட்கார்ந்தேன். அடுப்பு அணைந்திருந்தது. அக்கா கழுத்துப்பட்டையின் நுனியை மடியில் வைத்துப் பின்னிக்கொண்டிருந்தார். கறுப்பு நூல். புதிதாக ஓர் எழுத்து முடிந்திருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெற்கே போகும் அணியின் புதுப் பெயர் எனக்கே இன்னும் தெரியாது. பியானுக்கும் தெரியாது, ஆய்வில் இருந்தது.

"அக்கா, யாரு பேரைப் பின்னுறீங்க?"

"உன் பேரை."

"என் பேரா? ஏன்க்கா?"

அக்கா ஊசியை நிறுத்தவில்லை.

"ஒவ்வொரு தடவையும் கதவுல ஒட்டினதைப் படிச்சவ நான். மேல இருந்த பேரு தடவைக்குத் தடவை மாறிச்சு. அடியில இருந்த பேரு ஒரு தடவைகூட மாறல. எங்க டீமை யாரு வித்தாங்கன்னு நாளைக்கு யாராவது கேட்டா, நான் ஆய்வு பண்ணிக்கிட்டு நிக்க வேணாம் பாரு."