சமுத்திரத்தின் தொண்டை

காலை ஆறரைக்குச் சமுத்திரம் பாட்டுப் பழக வாயைத் திறந்து 'ச' என்றார். காற்றுதான் வந்தது, சைக்கிள் டியூபில் வால்வைப் பிடுங்கின மாதிரி.

"பாம்பு கீம்பு வந்துட்டா?" அடுப்படியிலிருந்து மனைவி பாண்டிசெல்வி ஓடிவந்தாள்.

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"சத்தம் வரலியா? ஐயையோ, பத்து மணிக்குப் பரீட்சையாச்சே!"

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில் சூப்பர்வைசர் அவர். ஷிப்ட் முடிந்து பாட்டுக் கற்கப் போவது இருபத்திரண்டு வருஷப் பழக்கம். ஒரு தடவைகூட மேடை ஏறியதில்லை. இசைத் தேர்வுச் சான்றிதழ் இருந்தால்தான் மைக் என்று திருவிழாக் கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது. முதல் முறை பரீட்சையன்று மில்லில் மிஷின் எரிந்தது. மறுமுறை மாமனார் போய்ச் சேர்ந்தார். மூன்று முறைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். இது மூன்றாவது.

பாண்டிசெல்வி மிளகுக் கஷாயம் கொண்டுவந்தாள். "ஒரே மடக்கா குடிங்க."

குடித்தார். புரையேறிக் கண் பிதுங்கியது. வந்துகொண்டிருந்த காற்றும் நின்றுபோனது.

எவ்வளவு மிளகு போட்டாய் என்று கையை ஆட்டிக் கேட்டார்.

"அள்ளித்தான் போட்டேன். சீக்கிரம் கேக்கட்டும்னு."

பக்கத்து வீட்டு பெலிக்ஸ் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான். சர்ச் கொயரில் பாடுகிறவன். "அண்ணாச்சி, ஆவி பிடிங்க. ஈஸ்டருக்கு எனக்கும் இதே கதைதான். செத்த நேரத்துல சரியாயிட்டு."

தண்ணீர் கொதித்தபோது மணி எட்டு. சமுத்திரம் போர்வைக்குள் குனிந்தார்.

"ஆவி அம்புட்டும் வெளிய போகுது அண்ணாச்சி!" பெலிக்ஸ் போர்வையை இழுத்து மூடினான். இழுத்த இழுப்பில் பாத்திரம் சாய்ந்து, அவர் வலது கையில் கொட்டியது.

சமுத்திரம் கத்தினார். மேல் சட்ஜமம், காலையில் வராத அதே 'ச'. அசையாமல் நின்றது.

"வந்துட்டு! சத்தம் வந்துட்டு!" பெலிக்ஸ் குதித்தான்.

"ஏலே, கை வெந்துபோச்சுலே!"

"சுருதி சுத்தமா இருந்துச்சு அண்ணாச்சி."

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க," என்றாள் பாண்டிசெல்வி.

"பாடிட்டுப் போறேன்."

கையைக் குழாயடியில் காட்டினார்கள். வீட்டில் பேண்டேஜுக்கா பஞ்சம்? பெலிக்ஸ் நாலு ரோல் சுற்றியதில் கை முட்டைக்கோஸ் ஆகிவிட்டது.

"தாளம் எப்படிப் போடுவிய?" பாண்டிசெல்வி திடீரென்று கேட்டாள்.

சமுத்திரம் இடது கையைத் தொடையில் தட்டிப் பார்த்தார். "இடது கையால போடுதேன். தொண்டை இருக்குல்லா?"

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் முணுமுணுத்துப் பாடியபடி இடது கையைப் பழக்கினார்.

"ஐயா, அது என் தொடை," என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

"மன்னிக்கணும். ஆதி தாளம்."

"எந்தத் தாளமானாலும் உங்க தொடையில போடுங்க."

வழியில் பஸ் நின்று நின்று போனது. இறங்கி ஓடினார். பரீட்சை நடக்கும் பள்ளிக்கூட கேட்டைப் பியூன் கருத்தம்மாள் இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தாள்.

"நில்லுங்கம்மா!"

தெருமுனையிலிருந்து போட்ட குரலில் அவள் திரும்பிவிட்டாள். "யம்மாடி, என்ன தொண்டை! கணீர்னு இருக்கே!"

இருபத்திரண்டு வருஷத்தில் அவரை இப்படிச் சொன்ன முதல் ஆள். வலியெல்லாம் பறந்தது. நெஞ்சை நிமிர்த்தி, ஹால் டிக்கெட்டை நீட்டினார்.

கருத்தம்மாள் அதைப் படித்தாள். பிறகு முட்டைக்கோஸைப் பார்த்தாள்.

"பாட்டு அடுத்த சனிக்கிழமைல்லா ஐயா! இன்னைக்கு மூணு மணி நேரம் எழுத்துப் பரீட்சை. பேனாவ எந்தக் கையில பிடிப்பிய?"