பொன்னாடை வெந்த கதை

வெயிலை நம்பித் தொழில் செய்கிறவர்கள் ஆனி மாதத்தில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் போகக்கூடாது. மலை மேகம் எப்போது வந்து வெயிலை மூடும் என்று சொல்ல முடியாது. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பொறியியல் படித்த எனக்குத் தெரியவில்லை. (அதே வட்டாரத்தில், போத்தனூரிலேயே பிறந்து வளர்ந்தவள். அதுதான் கேவலம்.)

கணபதியில் ஒரு பட்டறையில் எனக்கு முதல் வேலை. அங்கே சூரிய அடுப்பு செய்தார்கள். பெரிய கிண்ணம் போன்ற தட்டு. உட்புறம் முழுக்கப் பளபளக்கும் தகடு. விழுகிற வெயிலையெல்லாம் அது நடுவில் இருக்கும் வளையத்தில் குவிக்கும். வளையத்தின்மேல் பானையை வைத்தால் சோறு வெந்துவிடும். அதைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துக் காட்டுவது என் வேலை.

முதலில் அழைத்தது மலையடிவாரத்து மகளிர் குழுத் தலைவி சரசக்கா. விறகுக்குப் போன இடத்தில் யானை துரத்தி, அவர்கள் குழுவில் ஒருத்திக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது.

"காட்டோரம் போறதுக்கே பயமா இருக்குதுங்க அம்மணி. சோறு மட்டும் வெந்துதுன்னா, குழுவுக்கு வாங்கிப் போடறோம்" என்றார்.

கோயில் மைதானத்தில் பந்தல், மைக், ஊராட்சித் தலைவர், கடைசியில் அவருக்குப் போர்த்துவதற்கு ஜரிகை மின்னும் பொன்னாடை. ஓரத்தில் விறகடுப்பில் மதியச் சமையல். நான் அடுப்பை வெட்டவெளியில் நிறுத்தி, அரிசிப் பானையை ஏற்றிவிட்டு மைக்கைப் பிடித்தேன். "சூரியன் நம்மை ஒருநாளும் கைவிட மாட்டான்!"

சொல்லி வாய் மூடவில்லை, மலைப் பக்கமிருந்து மேகம் வந்து மூடிவிட்டது.

காத்திருந்தோம். யாரும் சிரிக்கவில்லை. (கொங்கு நாட்டு மரியாதை சில சமயம் அடியைவிட வலிக்கும்.)

"பரவால்லீங் கண்ணு, சூரியனுக்கு ஏதாச்சும் சோலி இருக்குமாட்ட இருக்குது" என்று தலைவர் தேற்றினார்.

சரசக்கா பானைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "தண்ணி நல்லா சில்லுன்னு இருக்குதுங்க அம்மணி. குடிக்கலாம்."

கடைசியில் அவரே பானையைத் தூக்கிக்கொண்டு விறகடுப்புக்குப் போனார். சீக்கிரம் நன்றி சொல்லி, பொன்னாடையைப் போர்த்தி, முதல் பஸ்ஸில் ஓடிவிட வேண்டும். ஒரு கையில் மைக், மறு கையில் பேச்சுத் தாள். பொன்னாடையை எங்கே வைப்பது? வளையம் காலியாகத்தானே இருந்தது!

வைத்தேன். திரும்பி நின்று பேசினேன். "இறுதியாக" என்றபோது முதுகில் சுள்ளென்றது. பேச்சின் வேகம் என்று நினைத்தேன். கூட்டம் எழுந்து நின்றது. பேச்சு கடைசியில் எடுபட்டுவிட்டது என்று பூரித்தேன்.

"ஏனுங்க அம்மணி, புகையுதுங்க!"

"உக்காருங்க, முடிச்சுடறேன்" என்று கையமர்த்தினேன்.

சரசக்கா காத்திருக்கவில்லை. பந்திக்குக் கலக்கி வைத்திருந்த மோர்ப் பானையோடு ஓடி வந்து வீசினார். பாதி நெருப்புக்கு, பாதி எனக்கு. கண்ணுக்குள் பச்சை மிளகாய், தலையில் கறிவேப்பிலை. வளையத்தில் பொன்னாடை என்று எதுவும் இல்லை. கருகிய ஜரிகை மட்டும் தொங்கியது.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். தலைவர் மெல்ல நடந்து வந்து அடுப்பைச் சுற்றிப் பார்த்தார்.

"மேகம் எப்ப வெலகுச்சு?"

"இப்பத்தானுங்க" என்றார் சரசக்கா.

"அடேங்கப்பா! எங்கூட்டு கேஸ் அடுப்பே இத்தன வெரசாப் பத்தாதே!"

அவ்வளவுதான். பெண்கள் அடுப்பை மொய்த்துக்கொண்டார்கள். சரசக்கா தகட்டைக் கழுவித் துடைத்து, புதிதாக அரிசி களைந்து பானையை ஏற்றினார். சூரியன் இப்போது அசையவில்லை. சோறு பொங்கியது. மோர் இல்லாமலேயே சாப்பிட்டார்கள். குழுவுக்கு அடுப்பையும் எடுத்துக்கொண்டார்கள். மேகம் போட்ட நாளில் விறகுதான். வெயில் அடிக்கிற நாளில் யாரும் காட்டோரம் போவதில்லை.

என் கல்யாணத்துக்குத் தலைவரும் வந்திருந்தார். ஆசீர்வதித்துவிட்டு மாப்பிள்ளையின் காதில் சொன்னார்: "மாப்ள, அம்மணி பக்கத்துல இருக்கறப்ப வெயில்ல மட்டும் நின்னுறாதீங்க."

இன்றைக்கும் என்னோடு வெளியே கிளம்பினால் என் கணவர் குடை எடுத்துக்கொள்கிறார். மழைக்கல்ல என்று, யாரும் கேட்காமலேயே எல்லோரிடமும் சொல்கிறார்.