எட்டாவது மைலில் கொதித்த கார்

உங்கள் வீட்டில் உலை கொதித்தால் அரிசி போடுவீர்கள். சர்க்கார் கார் கொதித்தால் கமிட்டி போடுவார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல்தான் எங்கள் ஊர் ஜனங்கள் வெகுநாள் காத்துக்கொண்டிருந்தோம்.

ஆந்திரம் தனி ராஜ்யமாகிவிட்டது. சென்னை ராஜ்யத்துக்கும் அதற்கும் நடுவே கோடு எங்கே என்று மட்டும் தீராமல் இழுத்துக்கொண்டிருந்தது. விஜயபுரத்தை ஒட்டிய எங்கள் ஊர், கோடு எந்தப் பக்கமும் சாயக்கூடிய இடத்தில் மாட்டிக்கொண்டது. நகரியிலிருந்து வரும் ரோட்டில் எட்டாவது மைலில் ஏரி, ஒன்பதாவது மைலில் ஊர், பத்தாவது மைலில் வயல். எந்த ராஜ்யத்தில் வேண்டுமானாலும் போடுங்கள், ஏரியையும் வயலையும் மட்டும் பிரித்துவிடாதீர்கள் என்று எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பினார் ஆதிநாராயணன். அவருக்கு மூன்று ஏக்கர் நெல். அதை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. மனு போய்ப் பதினோரு மாதம் ஆயிற்று.

கடைசியில், மேற்படி பூமியை நேரில் கண்டு முடிவு சொல்ல வெங்கடரமணன் என்பவர் விசேஷ எல்லைப் பார்வை அதிகாரியாக நியமிக்கப்பட்டார். விதி சுலபமானது. அதிகாரி சர்க்கார் வாகனத்தில் போய்ப் பார்த்த பூமி ஆந்திரத்துக்கு, பார்க்காத பூமி சென்னைக்கு. மார்ச் முப்பத்தொன்றுக்குள் முடித்தாக வேண்டும்.

அவருக்குக் கிடைத்தது ஒரு பழைய கறுப்புக் கார். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மலையும் மேடும் ஏறி இறங்கிய கார், ஒரு நாளும் கொதித்ததில்லை. அப்போது ஆபீஸ்களில் போர்டு மோகம் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. புது ராஜ்யம், புதுப் போர்டு. ஆபீசுக்குப் போர்டு, ஆபீசர் வீட்டுக்குப் போர்டு, ஆபீசர் குடிக்கும் தண்ணீர்ப் பானைக்கும் போர்டு. காரை மட்டும் விடுவார்களா? தேக்குப் பலகையில் தெலுங்கில் இலாகா பெயரை நீளமாக எழுதி, காரின் முகத்தில், ரேடியேட்டருக்கு நேர் முன்னால், நாலு திருகாணி போட்டு முடுக்கினார்கள். அன்றைக்கே கார் கொதித்தது.

டிரைவர் பச்சையப்பன் நகரிக்காரர். தண்ணீர் பார்த்தார், நிறைய இருந்தது. ரப்பர் குழாயைத் தடவினார், ஒழுகவில்லை. விசிறி பெல்ட்டை அழுத்தினார், முறுக்காக இருந்தது. பிறகு அதிகாரியிடம் போய் நின்றார்.

"அய்யா, வண்டில கோளாறு ஒண்ணும் இல்ல. போர்டு மறைச்சிக்கினு கீது. ரேடியேட்டருக்குக் காத்து போவல."

"ஏமய்யா, கார் ஓடுவது பெட்ரோலிலா, காற்றிலா?"

"பெட்ரோல்லதான் அய்யா."

"அப்புறம் காற்றைப் பற்றி உனக்கென்ன பேச்சு?"

இவ்விஷயத்தை ஆராய மூன்று பேர் கொண்ட கமிட்டி அமைக்கப்பட்டது. உஷ்ணம் சம்பந்தப்பட்ட கேஸ் என்பதால் சுகாதார இன்ஸ்பெக்டர் ரங்கையா அதற்குத் தலைவரானார். அவர் காருக்கு ஜுரமானி வைத்துப் பார்த்தார். ஜுரமானி வெடித்தது. "காய்ச்சல் கடுமை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நடுவில் போர்டுக்கு இரண்டாம் பூச்சு அடிக்க வேண்டியிருந்ததால், ஒரு நாள் அதைக் கழற்றினார்கள். அன்று வெங்கடரமணன் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய் வந்தார். போக வர ஒரு இடத்திலும் கார் கொதிக்கவில்லை. பச்சையப்பனுக்கு ஒரே சந்தோஷம். கமிட்டியிடம் ஓடினார்.

"பாத்தீங்களா அய்யா? போர்டு இல்ல, கொதிக்கல."

ரங்கையா கண்ணை மூடி யோசித்தார். "அன்று கார் எங்கே போனது?"

"திருப்பதிக்கு."

"அதைச் சொல். ஸ்தல மகிமை. வழியில் தண்ணீர் எங்கே ஊற்றினாய்?"

"திருச்சானூர்ல, குளத்துத் தண்ணி. ஆனா அய்யா, போர்டு..."

"தண்ணீர்தான்" என்று ரங்கையா எழுதிக்கொண்டார்.

போர்டு திரும்ப ஏறியது. திருச்சானூரிலிருந்து தினம் நாலு குடம் தண்ணீர் வந்தது. கார் புண்ணிய தீர்த்தத்திலும் கொதித்தது. தீர்த்தம் சுத்தமாக இல்லை என்று ஒரு உப கமிட்டி போட்டார்கள்.

இப்படியே மார்ச் இருபதாம் தேதி ஆகிவிட்டது. வேறு வழியில்லாமல் அதிகாரி நகரியில் தான் தங்கியிருந்த முசாபரி பங்களாவிலிருந்து எங்கள் ஊருக்குக் கிளம்பினார். ஏரியைத் தாண்டி ஊர் நடுவே வந்ததும் கார் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. வயலுக்கு இன்னும் ஒரே மைல். ஆதிநாராயணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"அய்யா, ஒரு மைலுதான். நடந்தே பாத்துடலாம் வாங்க."

"நடந்து பார்த்தது பார்த்ததாகாது. வாகனம் என்று விதியில் இருக்கிறது."

"மாட்டு வண்டி கீது அய்யா. நல்ல மாடு."

"அதில் போர்டு இருக்கிறதா?"

அதிகாரி வேப்பமர நிழலில் போய் உட்கார்ந்து இளநீர் கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பச்சையப்பன் ஆதிநாராயணனைக் காருக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனார். மடியிலிருந்து திருப்புளியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"அண்ணே, நாலே திருகாணி. நான் கழட்னா என் வேல பூடும். நீங்க ஊரு ஜனம் கூட்டமா நின்னு கழட்னா கேக்க ஆளு இல்ல. சூடு ஆறினதும் வயல்ல கொண்டும்போய் நிறுத்தறேன். ஏரியும் வயலும் ஒரே பக்கம் வந்துடும்."

ஆதிநாராயணன் குனிந்து போர்டை ஆராய்ந்தார். அவர் முகம் மாறியது.

"ஏம்பா, இது தெலுங்குல மட்டும்தானே கீது?"

"எதுல இருந்தா இன்னா அண்ணே? காத்து போவலயே."

"தமிழு பேசற ஊருக்குள்ள வர்ற கார்ல தமிழு எங்க?"

"அண்ணே, திருப்புளி..."

"நீ இரு. மானம் போய்க்கினு கீது, திருப்புளியாம்."

கால் மணி நேரத்தில் ஊரே கூடிவிட்டது. காரைச் சுற்றி வளைத்துக்கொண்டோம். வயலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தமிழில் போர்டு வேண்டும், இல்லாவிட்டால் கார் நகராது என்று சத்தம் போட்டோம். கார் ஏற்கெனவே நகராமல்தான் நின்றது. வெங்கடரமணன் இளநீரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவருக்கு அன்றுதான் முகம் மலர்ந்தது. ஏரி, வயல் என்று பேசினால் மேலே எழுத வேண்டும், பதில் வர வேண்டும், அதற்குப் பதில் எழுத வேண்டும். போர்டு அவர் கையிலேயே இருக்கிற அதிகாரம்.

"நியாயமான கோரிக்கை" என்றார். "அனுமதிக்கப்படுகிறது."

பதினோரு மாதம் கிடந்த மனுவுக்குப் பதில் இல்லை. இந்த மனு காகிதத்தில் எழுதுவதற்குள் பாஸானது. ஆதிநாராயணனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். பச்சையப்பன் மட்டும் திருப்புளியை மடியில் செருகிக்கொண்டு, ஆறிய காரை மெதுவாக நகரிக்குத் திருப்பினார்.

மார்ச் முப்பத்தொன்று கடைசி நாள். மேலே தெலுங்குப் பலகை, கீழே அதே அளவில் தமிழ்ப் பலகை. ரேடியேட்டருக்கு முன்னால் ஈ நுழைய இடமில்லை. பின்னால் ஒரு வண்டியில் எல்லைக் கல் வந்தது; கல் இல்லாமல் வந்து பார்த்த போன தடவை கணக்கில் சேராதாம். போன தடவை ஒன்பதாவது மைல் வரை வந்த கார், இந்தத் தடவை எட்டாவது மைலில், ஏரிக்கரை முடிகிற இடத்தில், கொதித்து நின்றது.

நாங்கள் எல்லாரும் ஊரிலிருந்து ஓடினோம். போர்டைப் பார்த்துக் கை தட்டினோம். வெங்கடரமணன் ஆவிக்கு நடுவே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குள் அவர் பங்களாவில் இருந்தாக வேண்டும். "வாகனம் தன் இயல்பான எல்லையை அடைந்தது" என்று குறிப்பேட்டில் எழுதினார். கல்லை அங்கேயே இறக்கி நட்டார்கள். ஏரி ஆந்திரத்துக்குப் போயிற்று. ஊரும் வயலும் சென்னைக்குப் போயின.

அடுத்த போகத்துக்கு மதகைத் திறக்க இரண்டு ராஜ்யங்களின் சம்மதம் வேண்டியிருந்தது. ஒரு சம்மதம் ஆவணியில் வந்தது, மற்றது தை மாதம். நடவு செய்த நெல் கதிர் பிடிக்காமலே காய்ந்தது. ஆதிநாராயணன் நிலத்தை அப்படியே போட்டுவிட்டு நகரியில் தறிக் கூலிக்குப் போனார். அங்கே ஒரு டீக்கடையில் பச்சையப்பன் அவரைப் பார்த்திருக்கிறார். மனசு கேட்காமல் கேட்டும் விட்டார்.

"அண்ணே, அன்னிக்கி அந்த நாலு திருகாணியைக் கழட்டி இருந்தா இன்னிக்கி உங்களுக்கு இந்தக் கதி உண்டா? சரி, முதல்லதான் வெறும் தெலுங்குன்னு சண்ட போட்டீங்க. ரெண்டாவது தடவ கார் நின்னப்பவாவது கழட்டி இருக்கலாமே?"

ஆதிநாராயணன் டீயை ஊதிக் குடித்தாராம்.

"எப்பிடிப்பா கழட்றது? அதுலதான் தமிழு இருந்திச்சே."

ஆபீசர்களை இவ்வளவு நேரம் திட்டினேன், இன்னும் திட்டவும் தயார். ஆனால் அந்தத் தமிழ்ப் பலகையை எழுதினது நான்தான். ஒரு அங்குலம் இடம் விடாமல் எழுதினேன். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள்.