நாற்பத்துநாலாம் நம்பருக்கு எப்படித் தெரிந்தது?

"வீச்சுடா! பின்னால போங்க, வீச்சு!"

எதிரணியின் நாற்பத்துநாலாம் நம்பர் பையன் மறுபடியும் கத்தினான். பந்து இன்னும் தரையை விட்டே எழும்பவில்லை. கோச் அல்சீட் ரோபிஷோ தொப்பியை இழுத்து இறக்கிக்கொண்டார்.

அமெரிக்கக் கால்பந்தில் பக்கத்து ஊர்ப் பள்ளியிடம் ஐந்து வருஷமாகத் தோற்றாயிற்று. இந்த வெள்ளிக்கிழமையும் தோற்றால் கோச் வேலை கிடையாது, பூகோள வகுப்பு மட்டும்தான் என்று பிரின்சிபால் காலையிலேயே சொல்லிவிட்டார்.

பந்துக்கு முன்னால் ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கும் ஐந்து தடியர்கள்தான் அல்சீடுக்கு உயிர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதென்றால் அவர்கள் முன்னால் பாய வேண்டும். எறிவதென்றால் பின்வாங்கி, எறிபவனைச் சுற்றி வேலி கட்ட வேண்டும். எது நடக்கப்போகிறது என்பதைக் கடைசி நொடிவரை ஒரு விரல்கூடக் காட்டிக்கொடுக்கக் கூடாது. இருபது வருஷமாக அவர் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். ஓட்டம் என்றால் அவருக்கு ஒரு தெம்பு. வீச்சு என்றால் மட்டும் கொஞ்சம் உதறல்.

"எப்படி மச்சான் கண்டுபிடிக்கிறான்?" என்றார் அல்சீட்.

துணைக் கோச் ரஸ்ஸல், அவர் மனைவியின் தம்பி. வாயில் இருந்த பன்றித் தொத்திறைச்சியை அவசரமாக விழுங்கினான்.

"டெரலோட கையைப் பாருங்க அத்தான். ஓட்டம்னா முழு எடையையும் அதுல போடறான். விரல் முட்டியெல்லாம் வெளுத்துப்போகுது."

அந்த ஐவரில் ஒருவனான டெரல் கிட்ரி நூற்று நாற்பது கிலோ. கூப்பிட்டதும் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"கையைப் பூ மாதிரி வைடா!"

"பூவா? சரி கோச்."

பூ மாதிரி வைத்தான். எதிராளி அவனைப் பாயாகச் சுருட்டிவிட்டுப் போனான். "ஓட்டம்!" என்று நாற்பத்துநாலு அதற்கு முன்பே கத்தியிருந்தான்.

"அப்ப தலைகீழா மாத்துவோம். எறியும்போது பாயற மாதிரி நில்லுங்க!" என்றார் அல்சீட்.

அப்படியே நின்றார்கள். "வீச்சு!" என்றான் அவன். பின்வாங்க வேண்டிய டெரல் நிலை தவறிக் குப்புற விழுந்தான். எறிபவன் மேல் நாலு பேர் ஏறிப் படுத்தார்கள்.

அல்சீடுக்குக் கோபமே வரவில்லை, மெய்சிலிர்த்தது. லூசியானா முழுக்க இப்படி ஒரு கண்ணை அவர் பார்த்ததில்லை.

"இவனுங்க அஞ்சு பேருக்கும் எதையும் சொல்லவே வேணாம். எறியறவனுக்கு மட்டும் தெரிஞ்சா போதும். தெரியாததை எப்படிக் காட்டிக்கொடுப்பானுங்க?"

"அத்தான், இது வம்பு!"

வம்புதான். இரண்டு பேர் முன்னால் பாய்ந்தார்கள், மூன்று பேர் பின்னால் வந்தார்கள். டெரல் தன் அணிக்காரனையே கட்டிப்பிடித்துக் கீழே தள்ளினான். அதற்கும் முன்னால், "வீச்சு!" என்று தெளிவாகக் கேட்டது.

"செஞ்சவனுங்களுக்கே தெரியாதது இவனுக்குத் தெரியுதே!" என்று ரஸ்ஸல் வாயைப் பிளந்தான்.

முப்பத்தொன்றுக்கு மூன்று என்று தோற்றார்கள். வேலை போனதுகூட அந்த நேரத்தில் அல்சீடுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நேராக மைதானத்தைக் கடந்து போய், தொப்பியைக் கழற்றி, அந்தப் பையனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ மனுஷப் பிறவியே இல்ல. இருபது வருஷமா இதே பொழப்பா இருக்கேன், எனக்கே தெரியல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. என் பசங்கள்ல எவனோட விரலைப் பார்த்த? இல்ல, காலை வச்சுக் கண்டுபிடிச்சியா?"

பையன் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான்.

"அவங்க பக்கம் நான் திரும்பவே இல்ல சார். வீச்சுன்னா மட்டும் நீங்க முன்னாடியே சிலுவை போட்டுக்கறீங்களே!"