ஸ்விஃப்ட் எடுத்த ஜெக்கரியா

ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, வயிறாரக் கறிச்சோறு சாப்பிட்டு முடித்ததும், ஜெக்கரியா தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை அறிவித்தார்.

"நுஸைபா, நான் ஒரு ஆப் எழுதப் போறேன்."

"கையைக் கழுவிட்டு எழுதுங்க" என்றாள் மனைவி.

அய்யம்பேட்டையில் ஜெக்கரியாவுக்கு இரண்டு அறுவடை வண்டிகள் இருந்தன. ஈர வயலில் இறங்க ஒரு பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு ஒரு டயர் வண்டி. ஷார்ஜாவில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் பதினோரு வருஷம் இருந்து சம்பாதித்து வாங்கியவை. கம்ப்யூட்டர் பிரிவில் அவருடைய வேலை, பிரிண்டரில் சிக்கிய தாளை உருவுவது. அதை அவர் ஊரில் யாரிடமும் அவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை.

தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் போன் ஓயாது. "பாய், வண்டி எப்ப வரும்?" எல்லோருக்கும் அவர் சொல்லும் பதில் "நாளைக்கு." நாளை என்கிற அந்த ஒரு நாளில் நாற்பது பேர் வயல் அறுபட்டாக வேண்டும். யாருக்கு என்ன சொன்னோம் என்பதை காலண்டர் தாளின் பின்புறம், பால் பாக்கெட், சில சமயம் உள்ளங்கை என்று கிடைத்த இடத்தில் குறித்து வைப்பார். உள்ளங்கைக் குறிப்புகள் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யும்போது போய்விடும்.

ஆப் வந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. விவசாயி தன் போனிலேயே எந்த நாள் காலி என்று பார்த்துப் பதிந்துகொள்ளலாம்.

"தைக்குள்ள முடிச்சிருவேன்" என்றார் ஜெக்கரியா. "ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. எந்த மொழியில எழுதுறதுன்னு முடிவு பண்ணணும்."

"தமிழ்லதான். நம்ம ஆளுங்களுக்கு வேற என்ன தெரியும்?"

ஜெக்கரியா இரக்கத்தோடு சிரித்தார். "இது கம்ப்யூட்டர் மொழிம்மா. உனக்குப் புரியாது."

நுஸைபா தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஐப்பசி முழுக்க ஜாவா ஓடியது. ஓடியது என்றால், ஜாவா நல்லது என்று சொல்லும் வீடியோக்கள் ஓடின. பத்து வீடியோ பார்த்து மனம் நிலைத்த நேரத்தில் பதினோராவது வீடியோக்காரன், 'இந்தக் காலத்தில் யார் ஜாவாவில் எழுதுகிறார்கள், கோட்லினுக்கு வாருங்கள்' என்றான். போனார். கார்த்திகையில் இன்னொருவன், கோட்லினில் எழுதினால் ஆண்ட்ராய்டு போனுக்கு மட்டும்தான் ஆகும், ஐபோனுக்கும் சேர்த்து ஒரே தடவையில் எழுத ஃப்ளட்டர் இருக்கிறது என்று கண்ணைத் திறந்துவிட்டான். ஃப்ளட்டருக்கு டார்ட் என்றொரு மொழி படிக்க வேண்டும் என்று தெரிந்ததும் திறந்த கண் லேசாகச் சொருகியது.

"இப்ப எதுல நிக்கிறீங்க?" என்று கேட்டாள் நுஸைபா.

"ரியாக்ட் நேட்டிவ்."

"நேட்டிவ் அய்யம்பேட்டைதானே. அதுல என்ன குழப்பம்?"

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டில் கட்டம் போட்டு மொழிகளின் நிறைகுறைகளை எழுதினார். பச்சை மையில் நிறை, சிவப்பு மையில் குறை. நோட்டு நிறைந்தது. ஆப்பில் ஒரு வரிகூட எழுதியாகவில்லை.

நடுநடுவே வண்டித் தொழிலுக்கான தனிப் போன் அடித்தது. கவனம் சிதறுகிறது என்று சொல்லி அதை மனைவியிடம் கொடுத்துவிட்டார். அவள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு விசிறிக்கு அடியில் படுத்து பழைய லேப்டாப்பில் வீடியோ பார்ப்பது இன்னும் சுகமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அவருக்குப் பிடித்ததே இந்தத் தேர்ந்தெடுக்கிற கட்டம்தான். எழுத ஆரம்பித்தால் தப்பு வரும், தெரியாதது தெரிந்துபோகும். தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிறவனை யாரும் குறை சொல்ல முடியாது.

மார்கழியில் அவருக்கு ஸ்விஃப்ட் மொழி அறிமுகமானது. ஐபோனுக்கான மொழி. அதில் எழுத வேண்டுமானால் மாக்புக் லேப்டாப் வேண்டும். மாக்புக் என்ற சொல்லைக் கேட்டதுமே ஜெக்கரியாவுக்கு இதுதான் தன் மொழி என்று தெரிந்துவிட்டது. ஷார்ஜாவில் அவருடைய மேனேஜர் ஒன்று வைத்திருந்தார். அதைத் தொட்டுத் துடைக்க மட்டும் ஜெக்கரியாவுக்கு அனுமதி உண்டு.

கொல்லைப்புறம் நின்று நண்பனுக்குப் போன் போட்டுச் சத்தமாகவே சொன்னார்: "ஆமாப்பா, ஸ்விஃப்ட்தான் எடுக்கப் போறேன். முடிவு பண்ணிட்டேன்."

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஆமினா இதைக் கேட்டாள். சாயங்கால அஸர் தொழுகைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பள்ளிவாசல் வாசலில் மூன்று பேர் கைகொடுத்து, பெட்ரோலா டீசலா என்று கேட்டார்கள். பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்கு முன்னால் நாகூரிலிருந்து மாமியார் ஹபீபுன்னிசா கூப்பிட்டார்.

"மாப்ள, வண்டி என்ன கலரு?"

"கலர் இல்ல மாமி. அது மொழி."

"மொழியோ பச்சையோ, உங்க இஷ்டம். ஏசி இருக்கட்டும். எனக்குப் பின் சீட்டுல கால் நீட்ட முடியணும். எப்ப வந்து கூட்டிட்டுப் போறீங்க?"

"மாமி, இது ஓட்டுறது இல்ல."

"ஓட்டத் தெரியாமயா வாங்குனீங்க? சரி, டிரைவர் வச்சுக்குவோம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நுஸைபா நின்றிருந்தாள். மாக்புக் விஷயத்தைச் சொல்ல இதைவிட மோசமான நேரம் கிடைக்காது. ஆனாலும் சொன்னார். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்து ஏழு நியாயங்களைத் தயார் செய்து வைத்திருந்தார்.

"வாங்கிக்கங்க" என்றாள் அவள்.

ஏழு நியாயங்களும் வீணாயின.

"தம்பி ஆஸிம் தையில ஷார்ஜாலேர்ந்து வர்றான். அங்க விலை குறைச்சலாமே. அவன்கிட்ட சொல்லி விடுறேன். அதுவரைக்கும் நீங்க நிம்மதியா இருங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அந்தப் பழைய லேப்டாப் இனிமே உங்களுக்கு வேணாம்ல? நான் எடுத்துக்கவா? சும்மா படம் கிடம் பார்ப்பேன்."

"தாராளமா" என்றார் ஜெக்கரியா. இப்படியொரு மனைவி யாருக்குக் கிடைப்பாள் என்று அன்று மனதார நினைத்தார்.

தை பிறந்தது. வயல்கள் பழுத்துத் தலை சாய்ந்தன. மாக்புக் வரும் வரை வேலையில்லாத ஜெக்கரியா, பழக்க தோஷத்தில், பள்ளிவாசல் வாசலில் வைத்து திருக்கருகாவூர்க்காரர் ஒருவருக்கு "நாளைக்குக் காலையில பெல்ட் வண்டி" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். அதே காலைக்கு அதே வண்டியை மெலட்டூர் துரைராசுவுக்கு நுஸைபா போனில் சொல்லியிருந்தாள். டிரைவர் முதலாளி சொன்ன பக்கம் போனான். மெலட்டூரில் துரைராசு விடியற்காலையிலிருந்து வரப்பில் காத்திருந்தார். மத்தியானம் பருவம் தப்பிய மழை பிடித்து அடித்தது.

செய்தி கேட்டு ஜெக்கரியா பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். காலைவரை நின்றிருந்த கதிர், பாய் விரித்தாற்போல் தண்ணீரில் கிடந்தது. துரைராசு திட்டவில்லை. பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி அவரிடம் நீட்டினார்.

"ஆப்பு ஆப்புன்னு மூணு மாசமா சொன்னீங்களே பாய். எனக்கா அது?"

டீ ஆறும்வரை ஜெக்கரியா அதைக் கையிலேயே வைத்திருந்தார். வண்டி மறுநாள் வந்து, விழுந்த கதிரை மெதுவாக வாரி அறுத்தது. பாதிக்கு மேல் தேறியது. அறுப்புக் கூலி வேண்டாம் என்று ஜெக்கரியா சொன்னதை துரைராசு ஏற்றுக்கொண்டார். ஆனால் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த ஜெக்கரியா சோறு வேண்டாமென்று படுத்துவிட்டார். விசிறிகூடப் போடவில்லை.

மூன்றாம் நாள் ஆஸிம் ஊருக்கு வந்தான். பேரீச்சம்பழம், சென்ட், தைலம் எல்லாம் எடுத்து வைத்தபின் ஓர் அட்டைப்பெட்டியை அக்காவிடம் நீட்டினான். ஜெக்கரியாவுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. பெட்டிக்குள் இரண்டு சாதாரண ஆண்ட்ராய்டு போன்கள் இருந்தன.

"மாக்புக்?" என்றார்.

"மாக்புக்கா? டிரைவருங்களுக்கு ரெண்டு போன்னுதானே மச்சான் அக்கா சொன்னிச்சு" என்றான் ஆஸிம்.

ஜெக்கரியா மனைவியைப் பார்த்தார். அவள் பழைய லேப்டாப்பைத் திறந்து, வயரை மாட்டி, ஒரு போனில் எதையோ ஏற்றிக்கொண்டிருந்தாள். திரையில் தமிழில் 'அறுப்பு வண்டி' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே தை மாதத்தின் எல்லா நாட்களும் கட்டம் கட்டமாக இருந்தன. ஒரு நாளில் ஒருவர் பெயர் ஏறிவிட்டால் அந்தக் கட்டம் பூட்டிக்கொண்டது.

"இது யாரு எழுதுனது?"

"நான்தான்."

"நீயா? உனக்கு எப்படி?"

"நான் பி.சி.ஏ. கம்ப்யூட்டர் படிச்சிருக்கேங்க. நம்ம கல்யாணப் பத்திரிகையிலயே போட்டிருந்துச்சு."

பத்திரிகையில் தன் பெயரைப் படித்தது அவருக்கு நினைவிருந்தது. பக்கத்துப் பெயரைப் படித்த நினைவில்லை.

"படிச்சு பதினாலு வருஷம் ஆச்சு, எல்லாம் மறந்துபோச்சு. மார்கழி பூரா உட்கார்ந்து திரும்பப் படிச்சேன். நீங்க மாக்புக்குக் காத்திருந்தீங்கள்ல, வீடு அமைதியா இருந்துச்சு" என்றாள். பிறகு கொஞ்சம் குரல் தாழ்த்தி, "துரைராசு அண்ணன் விஷயத்துக்கு ஒரு வாரம் முன்னாடி முடிச்சிருக்கணும். அதுதான் எனக்கு வருத்தம்" என்றாள். "அவரு போனுக்கு இதை அனுப்பி வச்சேன். மீதி இருக்கிற ரெண்டு மா வயலுக்கு இன்னைக்குக் காலையில அவரே இதுல பதிஞ்சுட்டாரு. முதல் பேரு அவருதுதான்."

ஜெக்கரியா லேப்டாப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தொழில் தெரிந்தவர் கேட்கும் தோரணையில், "எந்த மொழி?" என்று கேட்டார்.

"கோட்லின்."

"ஏன் கோட்லின்? எதை வச்சு முடிவு பண்ணுன?"

"முடிவெல்லாம் பண்ணலங்க. தேடுனப்ப முதல் வீடியோ அதுதான் வந்துச்சு."

ஜெக்கரியா போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். யோசனை சொன்னவர் என்று எங்காவது தன் பெயர் இருக்கிறதா என்று தேடினார். மூன்றாவது வரியில் இருந்தது.

'பெல்ட் வண்டி: வேலையில் உள்ளது.
டயர் வண்டி: வேலையில் உள்ளது.
ஜெக்கரியா: காலி.'

"இதை மாத்து" என்றார்.

"என் கையில இல்லங்க" என்றாள் நுஸைபா. "யாராச்சும் புக் பண்ணுனா அதுவா மாறிக்கும்."